ஜெராக்ஸ் கடைப் படி, திண்டுக்கல்

ஒச்சம்மாளை அரசாங்கம் மூன்று முறை பிடித்துக்கொண்டு போனது. மூன்று முறையும் அரசாங்கமே திரும்பக் கொண்டுவந்து விட்டது. எதற்காகப் பிடித்தார்கள், எதற்காகக் கொண்டுவந்து விட்டார்கள் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாருக்காவது விளங்கினால் நேரில் போய்ச் சொல்லலாம். ஆள் அங்கேதான் இருக்கிறாள்.

அங்கே என்றால், பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் அருளப்பனின் ஜெராக்ஸ் கடைப் படி. மொத்தம் மூன்று படிகள், மேல்படி கொஞ்சம் அகலம். இரவு எட்டரைக்கு ஷட்டர் இறங்கினால் காலை ஒன்பதரைக்குத்தான் ஏறும். இடைப்பட்ட நேரத்துக்கு மேல்படி ஒச்சம்மாளுடையது. காலையில் எழுந்ததும் மூன்று படியையும் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அருளப்பன் வாடகை என்று எதுவும் கேட்டதில்லை. அவளும் சும்மா இருப்பதாக நினைத்ததில்லை.

ஐம்பத்திரண்டு வயது. குஜிலியம்பாறைப் பக்கத்தில் வானம் பார்த்த பூமியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, புருஷன் தங்கமுத்து போய்ச்சேர்ந்த பிறகு திண்டுக்கல்லுக்கு வந்தவள். பன்னிரண்டு வருஷமாக வெங்காயப் பேட்டையில் சுப்புராஜின் கமிஷன் கடையில் வேலை. சின்ன வெங்காயத்தைத் தாள் அறுத்து, வேர் கிள்ளி, பெரியது சிறியது பிரித்துப் போட வேண்டும். மகள் வினிதா திருப்பூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஒரே அறைக்குள் ஆறு பேர்.

வாடகைக்கு நாகல் நகரில் ஓர் அறை இருந்தது. போன ஆடியில் இருமல் வந்து, நிற்காமல், அரசு ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லும்வரை இருந்தது. வீட்டுக்காரம்மா கெட்டவள் அல்ல. "ஒன்னையக் குத்தம் சொல்லல ஒச்சம்மா, சின்னப் புள்ளைக பொழங்குற எடம்" என்று அழுதுகொண்டேதான் சாமான்களை எடுத்து வெளியே வைத்தாள். மாத்திரை போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே இது அடுத்தவருக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்னதை வீட்டுக்காரம்மா நம்பவில்லை. வேறு இடம் கேட்டுப் போன இடங்களிலும் அவள் இருமுவதற்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. சுப்புராஜ் மட்டும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கொட்டகைக்கு வெளியே வெயிலில் தனியாக ஒரு சாக்கு விரித்துக் கொடுத்தார். மகளுக்கு அவள் சொல்லவே இல்லை. சொன்னால் அந்த வீட்டில் மகள் என்ன பாடு படுவாளோ என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் டிபி பிரிவைப் பார்த்துக்கொண்டவர் இருதயநாதன். எண்ணெய் வழிய வாரிய தலை, பழைய டூவீலர், எப்போதும் அவசரம். முதல் நாளே விரலை நீட்டிச் சொன்னார்.

"ஆறு மாசம்மா. நூத்தியெம்பது நாள். ஒரு நாள் விடக் கூடாது. விட்டுட்டீங்கன்னா கிருமி மாத்திரைக்குப் பழகிரும். பெறகு இந்த மாத்திரைக்குக் கேக்காது. ஒங்களுக்கும் ஆபத்து, ஒங்க பக்கத்துல ஒக்காந்திருக்கிறவுகளுக்கும் ஆபத்து."

"விட மாட்டேன் சார்."

"அட்ரஸு?"

ஒச்சம்மாள் முழித்தாள். பிறகு உண்மையைச் சொன்னாள். இருதயநாதன் ஒரு நிமிஷம் பேனாவைக் கடித்துவிட்டு, அட்டையில் அப்படியே எழுதினார்: ஜெராக்ஸ் கடைப் படி, பேருந்து நிலையம் எதிரில், திண்டுக்கல். ஆஸ்பத்திரி முத்திரையும் குத்தினார். அன்றைக்கு ஒச்சம்மாளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. தெருவுக்கு வந்து பதினோரு நாள் கழித்து, தனக்கு ஒரு விலாசம் இருக்கிறது என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டதே!

திங்கள்கிழமை தவறாமல் இருதயநாதன் படிக்கே வந்து அந்த வாரத்து மாத்திரையைக் கொடுப்பார். அவள் தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அட்டையில் ஒரு கோடு போடுவாள். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அவளுக்கு நிம்மதி. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பும் தேறியது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதல் முறை பிடித்தது கார்த்திகையில். ஊர் சுத்தமாகத் தெரிய வேண்டும், ரோட்டோரம் யாரும் படுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். பொழுது சாய்கிற நேரத்தில் வேன் வந்து நின்றது. எஸ்.ஐ. கேட்டார்.

"எந்த ஊரு?"

"குஜிலியம்பாறைப் பக்கம் சார்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார்."

"அப்ப அங்கயே போ" என்றார் எஸ்.ஐ.

யாருமே இல்லாத இடத்துக்கு எதற்காகப் போக வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவளோடு சேர்த்து வேனில் ஏழு பேரை ஏற்றினார்கள். குஜிலியம்பாறை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது டிரைவருக்கு உத்தரவு. அவரோ தாடிக்கொம்பு தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, டீசல் முள்ளைக் காட்டி, "இதுக்கு மேல போனா நானும் ஒங்களோட இங்கயே படுக்க வேண்டியதுதான், எறங்குங்க" என்று சொல்லிவிட்டார். இறங்கிய ஒச்சம்மாள் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றாள். டவுன் பஸ் வந்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வழியில் டீக்கடை ஒன்றில் அந்த வேன் நின்றுகொண்டிருந்தது. டீ கிளாஸோடு நின்ற டிரைவர் ஜன்னலோரத்தில் இவளைப் பார்த்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கிளாஸை லேசாகத் தூக்கிக் காட்டினார். இவளும் தலையாட்டினாள்.

வேனுக்கு முன்னாலேயே அவள் ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். படியில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே யோசித்தாள். கொண்டுபோன வண்டியிலும் அரசு என்றுதான் எழுதியிருந்தது. கூட்டிவந்த வண்டியிலும் அதேதான் எழுதியிருந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ள மாட்டார்களா?

இரண்டாவது முறை மார்கழியில். இந்தத் தடவை கொண்டுபோய் விட்டால் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று கேஸே போட்டார்கள். பொது இடத்தில் இடைஞ்சல் செய்தாள் என்பது குற்றம். ஸ்டேஷனில் முகவரி கேட்டபோது ஒச்சம்மாள் பெருமையாக ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள். எஸ்.ஐ. அதை இரண்டு தடவை படித்தார்.

"எந்த எடத்துல இருக்கக் கூடாதுன்னு கேஸ் போட்டிருக்கோமோ, அதையே அட்ரஸுன்னு காட்டுறியே?"

"அதான் சார் அட்ரஸு. கவர்மெண்ட்டு முத்திர இருக்கு பாருங்க."

அவருக்குக் கோபம் மட்டும் வந்தது.

அவளோடு துணைக்கு அனுப்பப்பட்டவள் முனீஸ்வரி. போலீஸ் வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆன பெண். முதலில் மருத்துவப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரி. தாழ்வாரத்தில் போலீஸ் புடைசூழ ஒச்சம்மாள் வருவதைப் பார்த்து இருதயநாதன் ஓடிவந்தார்.

"என்னம்மா, என்ன செஞ்சீங்க?"

"படுத்திருந்தேன் சார்."

"மாத்திர போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"அப்பச் சரி" என்றார். பிறகு அது சரியில்லை என்று தோன்றிவிட்டதோ என்னவோ, போலீஸைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

கோர்ட்டில் மத்தியானம் வரை காத்திருந்தார்கள். முனீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஏரியாவுல ஒரே வாரத்துல மூணு வண்டி களவு போயிருக்கும்மா. தெனமும் வந்து கேக்குறாக, ஆளு இல்லேன்னு திருப்பி அனுப்புறோம். இங்க ஒங்களுக்குக் காவலா நான் ஒருத்தி, எழுத ஒரு ஆளு, வண்டிக்கு ஒரு ஆளு. நீங்க எங்கிட்டு ஓடிப் போகப் போறீக?"

"ஓட மாட்டேன் தாயி. வேணும்னா நீ போய் அந்த வண்டியப் பாரு. நான் இங்கனயே இருக்கேன்."

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். அன்றிலிருந்துதான் அவர்களுக்குள் பழக்கம்.

நீதிபதி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஏம்மா அங்க படுக்கிறீங்க?" என்று கேட்டார். "வேற எடம் இல்லங்கய்யா" என்றாள். அவர் எதையோ தேடுவது மாதிரி மேஜைமேல் இருந்த காகிதங்களைப் புரட்டினார். அதில் இடம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை சொன்னார். ஒச்சம்மாள் மின்விசிறிக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். படுக்கக் கூடாது என்று கூட்டிவந்து தூங்க இடம் கொடுத்திருக்கிறார்களே என்று விழித்தபோது குழப்பமாக இருந்தது. சாயங்காலம் முனீஸ்வரி அவளைப் படியிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அவளுக்கும் அதே பேருந்து நிலையத்தில்தான் பஸ்.

தை பிறந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் காரைக்குடி, நத்தம் பக்கமிருந்து சாரிசாரியாக வந்து ஊரை நிறைத்தார்கள். பச்சையும் காவியும் உடுத்தி, கழுத்தில் மாலையோடு, கால் கொப்பளித்தவர்கள் கிடைத்த இடத்தில் சாய்ந்தார்கள். பிளாட்பாரம், கடை வாசல், ஜெராக்ஸ் கடைப் படி எல்லாம் ஆள். ஊரே வரிந்து கட்டிக்கொண்டு அவர்களுக்கு மோரும் சோறும் கொடுத்தது. கால் அமுக்கிவிடக்கூட ஆள் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் ராத்திரி நடப்பவர்களுக்கு மினுங்குகிற பட்டை கொடுத்தார்கள்.

ஒச்சம்மாளிடம் ஒரு பச்சைச் சேலை இருந்தது. அதைக் கட்டியிருந்த அன்று, ஒரு கை அவள் தோளைத் தொட்டு எழுப்பியது. அதே எஸ்.ஐ. அவள் பையை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

"சாமி, மோர் குடிச்சிங்களா? பட்டையக் கையில கட்டிக்கங்க. பாத்துப் போங்க சாமி."

பட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஒச்சம்மாள் தன் கையையும் காலையும் தடவிப் பார்த்தாள். அதே உடம்பு, அதே படி, அதே மனுஷன். போன மாதம் இடைஞ்சல், இந்த மாதம் சாமி. எதுதான் மாறியது? பக்கத்தில் படுத்திருந்த நிஜமான பாதயாத்திரைக்காரி, "எந்த ஊரு அக்கா?" என்று கேட்டாள். ஒச்சம்மாள் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

இதை முனீஸ்வரியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் தன் காசில் ஒரு துளசி மணி மாலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"நான் பழனி பந்தோபஸ்துக்குப் போறேம்மா, வர பத்து நாளாகும். இதக் கழுத்துல போட்டுக்கங்க. யாரு கேட்டாலும் காரைக்குடிப் பக்கம், பாதயாத்திரைன்னு சொல்லுங்க. ஒருத்தரும் தொட மாட்டாக."

"பொய் சொல்லவா தாயி?"

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

அது உதவியாகத்தான் சொன்னது. முனீஸ்வரி மனதில் கள்ளம் ஏதும் இல்லை. இன்றைக்கும் அவள் அதை நினைத்து அழுகிறாள், அழுது என்ன செய்ய?

பூசம் முடிந்தது. கூட்டம் கரைந்தது. நாலாம் நாள் காலை ஒச்சம்மாள் அட்டையில் கோடு போட்டாள். நூற்று ஐம்பத்தொன்று. இன்னும் இருபத்தொன்பது நாள். அட்டையையும் மாத்திரையையும் துணிப்பையில் வைத்துப் படியோரமாகச் சாய்த்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வரும்போது குப்பை வண்டி நின்றிருந்தது. யாத்திரைக்காரர்கள் விட்டுப்போன பாய், பிய்ந்த செருப்பு, சாப்பிட்ட இலை எல்லாவற்றையும் வாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படி காலியாக இருந்தது.

"ஏய்யா, என் பை! மாத்திர இருக்குய்யா அதுல!"

வண்டி கிளம்பிவிட்டது. பின்னாலேயே ஓடினாள். சிக்னலில் வண்டி நின்றபோது பின்கதவைப் பிடித்துத் தொங்கினாள், ஏற முயன்றாள். டிராஃபிக் நின்றுபோனது. ஹாரன் சத்தத்தில் போலீஸ் வந்தது. அவர்கள் புது ஆட்கள், அவளை அறியாதவர்கள்.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

இங்கேதான் ஒச்சம்மாள் தவறினாள். போன தடவை உண்மையைச் சொல்லி அட்டையைக் காட்டியதற்குக் கோர்ட். இப்போது கையில் அட்டையும் இல்லை. கழுத்தில் மாலை மட்டும் இருந்தது. மூச்சு வாங்க அதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"காரைக்குடிப் பக்கம் சார். பாதயாத்திர."

அவர்கள் முகம் உடனே இளகியது. கூட்டத்தைத் தவறவிட்டுப் புத்தி பேதலித்த பெண் என்று நினைத்துவிட்டார்கள். பெயரைக்கூடக் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார்கள். உறவுக்காரர்களோடு சேர்த்துவைக்கச் சொல்லி, ஜீப்பில் ஏற்றிச் சிவகங்கைப் பக்கம் ஒரு காப்பகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பாதி வழியில் உண்மையைச் சொல்ல நினைத்தாள். பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு கேஸ் போடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

காப்பகத்தில் மூன்று வேளைச் சோறு இருந்தது, பாய் இருந்தது, மாத்திரை இல்லை. "டிபி மாத்திர சாப்பிடுறேன்" என்று முதல் நாளே சொன்னாள். காப்பக மேடம் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டார். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. அட்டை எங்கே என்றார். குப்பை வண்டியில் போய்விட்டது என்றாள், கேஸுக்குப் பயந்து எந்த ஊர்க் குப்பை வண்டி என்று மட்டும் சொல்லவில்லை. புத்தி பேதலித்த பெண் என்று ஏற்கெனவே எழுதியிருந்ததால் அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது. இரண்டு பணியாளர்கள் அவள் போட்டோவை எடுத்துக்கொண்டு காரைக்குடியில் தெருத்தெருவாக, இல்லாத அவள் குடும்பத்தைத் தேடினார்கள். திண்டுக்கல்லிலோ, வாராவாரம் திங்கள்கிழமை இருதயநாதன் மாத்திரையோடு படிக்கு வந்து, அருளப்பனிடம் விசாரித்துவிட்டு, ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினார். ஒச்சம்மாள் என்ற பெயரைக் கேட்டவர்கள், அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்று உண்மையாகவே சொன்னார்கள். பிடித்தது காரைக்குடிக்காரியைத்தானே! பழனியிலிருந்து திரும்பிய முனீஸ்வரியும் காலிப் படியைப் பார்த்து, மகளிடம் போயிருப்பாள் என்று நினைத்துவிட்டாள்.

ஒச்சம்மாள் தினமும் மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஆரஞ்சு போய்விட்டது. பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருபதாம் நாள் வாக்கில் இருமல் திரும்பியது. முப்பத்தைந்தாம் நாள் ரத்தம் வந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டே மேடத்திடம் போய் எல்லா உண்மையையும் சொன்னாள். மேடம் பதறிப்போய் மறுநாளே ஓர் ஆளைத் துணைக்கு அனுப்பித் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார்.

இருதயநாதன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சளிப் பரிசோதனை முடிவை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"மறுபடி மொதல்ல இருந்தும்மா. பழைய மாத்திர கேக்குமான்னு இன்னொரு டெஸ்ட்டு இருக்கு. கேக்கலேன்னா வேற மருந்து, ரொம்ப நாளாகும்."

"இன்னும் இருபத்தொம்பது நாள்தானே சார் பாக்கி இருந்துச்சு?"

"அது போச்சும்மா."

நூற்று ஐம்பத்தொரு கோடு. ஒரு நாள் விடவில்லையே! ஒச்சம்மாள் அப்போதுதான் அழுதாள். கோர்ட்டிலும் காப்பகத்திலும் வராத அழுகை.

அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, யார் யாரோடு இருந்தீர்கள் என்று அவர் கேட்டு எழுத ஆரம்பித்தார். காப்பகத்தில் நாற்பத்தொரு பேர், அவர்களுக்குச் சோறு போட்டவர்கள், துணைக்கு வந்த ஆள். அத்தனை பேரையும் தேடிப்பிடித்துப் பரிசோதிக்க வேண்டும். தாள் நிறைந்து அடுத்த தாள் எடுத்தார். ஒரே ஒரு ஆளை ஒரு படியிலிருந்து நகர்த்தியதற்கு இத்தனை வேலையா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. நகர்த்தாமல் இருந்திருந்தால் இருபத்தொன்பது நாள் மாத்திரையோடு முடிந்திருக்கும்.

விஷயம் கேள்விப்பட்டு முனீஸ்வரி யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். ஒச்சம்மாள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாம்மா சொல்லிக் குடுத்துக் கெடுத்துட்டேன்."

"நீ என்ன தாயி செய்வ? உண்மையச் சொன்னாலும் பிடிக்கிறாக, பொய் சொன்னாலும் பிடிக்கிறாக. எதச் சொன்னா விடுவாகன்னு ஒனக்குத்தான் தெரியுமா, எனக்குத்தான் தெரியுமா?"

இருதயநாதன் புது அட்டை எடுத்தார். பெயர், வயது எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"அட்ரஸு?"

ஒச்சம்மாள் முனீஸ்வரியைப் பார்த்தாள். முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"புது உத்தரவு வந்திருக்கும்மா. அடுத்த வாரத்துல இருந்து மறுபடியும் ரோட்டோரம் படுக்கிற ஆளுகளப் பிடிக்கச் சொல்லியிருக்காக."

ஒச்சம்மாள் கழுத்திலிருந்த துளசி மாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, ரொம்ப நேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், இந்த மாத்திரய அம்புட்டையும் தை மாசத்துல குடுக்க முடியாதா?"

"ஏம்மா?"

"அப்பன்னா நான் சாமி சார். யாரும் பிடிக்க மாட்டாக."

இருதயநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தைக்கு இன்னும் பத்து மாசம் இருக்கும்மா."

ஒச்சம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.